இணைவு உலை எரியாவிட்டால் ஆய்வு வாழ்க்கை வீணா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் தேவகோட்டைக்காரர், காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அணுக்கரு இணைவுக்கான பிளாஸ்மா, அதாவது எலெக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து கிடக்கும் சூடான வாயு, அதன் கோட்பாட்டில் முனைவர் பட்டத்துக்குப் போக ஆசை. வீட்டில் அப்பச்சி வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். ‘இன்னும் முப்பது ஆண்டில் வந்துவிடும் என்று எழுபது ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஓய்வுபெறும் நாளிலும் அது வரவில்லை என்றால் என்ன செய்வது?’ என்று கேட்டிருக்கிறார். மேலோட்டமாகப் படித்தால் இணைவு மின்சாரம் எப்போது வரும் என்ற கேள்வி போலத் தெரியும். அவருடைய கவலை அதுவன்று. தன் ஆயுளுக்குள் முடியாமல் போகக்கூடிய வேலையில் சேர்ந்தால், தன் பங்கு என்று காட்ட ஏதாவது மிஞ்சுமா, அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு வழி உண்டா என்பதே அவர் கேட்பது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் கோட்டையூர்க்காரன். டோகமாக் என்னும் வளைய வடிவக் கலத்தில் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் பிளாஸ்மாவின் கோட்பாட்டிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மின்சாரத்தை நம்பி இந்தத் துறைக்கு வராதீர்கள். பிளாஸ்மா உங்களைப் பிடித்து இழுக்கிறது என்றால் தாராளமாக வாருங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஹைட்ரஜனின் கனத்த வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்தால் 17.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படும். அதில் 14.1 நியூட்ரானோடு வெளியே போய்விடும், மீதி 3.5 ஆல்ஃபா துகளிடம் இருக்கும், அது காந்தப்புலத்தில் சிக்கிப் பிளாஸ்மாவையே சூடாக்கும். இவை நடக்க எரிபொருள் சுமார் 15 கோடி டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அடர்த்தியையும் ஆற்றல் தங்கும் நேரத்தையும் பெருக்கி வரும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் ஆதாயம் என்று 1955இல் ஜான் லாசன் போட்ட கணக்கு இன்றும் செல்லுபடியாகிறது. 1968இல் சோவியத் அறிஞர்கள் தங்கள் டி-3 டோகமாக்கில் எலெக்ட்ரான்களை ஒரு கோடி டிகிரி அளவுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னபோது மேற்கத்தியர்கள் நம்பவில்லை. 1969இல் பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு லேசர் கருவியைத் தூக்கிக்கொண்டு மாஸ்கோவுக்கே போய் அளந்து பார்த்து, உண்மைதான் என்றது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று உலகம் டோகமாக்கை நம்பியிருப்பதற்கு அந்த ஓர் அளவீடுதான் அடித்தளம்.

அங்கிருந்து இன்றைய நிலைக்கு வருவோம். கல்ஹாமில் இருந்த ஜெட் டோகமாக், 2023 அக்டோபரில் 5 நொடியில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலைத் தந்தது. செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம். இயந்திரம் அந்த டிசம்பரோடு மூடப்பட்டது. 69 மெகாஜூல் என்பது வீட்டு மீட்டரில் 19 யூனிட், அதுவும் வெப்பமாக. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு, வியப்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் சரிதான்.

செய்தித்தாள்களில் வரும் ‘போட்டதைவிட அதிகம் எடுத்தார்கள்’ என்ற வாக்கியத்தை மட்டும் எச்சரிக்கையாகப் படியுங்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோரில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். பேரேடு எழுதிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பற்றுப் பக்கத்தில் சரக்கின் விலையை எழுதிவிட்டு வண்டிக் கூலியை எழுதாமல் விட்ட கணக்கு. மேலும் அது லேசர் வழி. நீங்கள் கேட்கும் காந்த வழி வேறு. பிரான்சில் கட்டப்படும் ஈட்டர், பிளாஸ்மாவுக்குள் 50 மெகாவாட் செலுத்தி 500 மெகாவாட் இணைவு ஆற்றல் எடுக்கும் இலக்கோடு வடிவமைக்கப்பட்டது. அதிலும் அதே எச்சரிக்கை உண்டு: ஈட்டர் ஒரு யூனிட் மின்சாரம்கூட உற்பத்தி செய்யப்போவதில்லை. அது ஒரு சோதனைக் கூடம்.

தேதிகளைப் பற்றி. 1955இல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் கட்டுப்பாடான இணைவுக்கு வழி பிறக்கும் என்றார். அவரைப் போன்ற கூர்மையான மனிதர் தவறியதற்குக் காரணம், பிளாஸ்மாவின் கொந்தளிப்பும் நிலையின்மைகளும் எவ்வளவு கொடியவை என்பது அன்று யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான். இன்று தெரியும், ஆனாலும் தேதிகள் நழுவுகின்றன. 2016இல் போட்ட திட்டப்படி ஈட்டரின் முதல் பிளாஸ்மா 2025இல். 2024இல் அறிவித்த புதிய திட்டப்படி ஆய்வு இயக்கம் 2034இல் தொடங்கும்; டியூட்டீரியம்–டிரிட்டியம் எரிப்பு 2039இல். இதுவும் நழுவலாம். நழுவாவிட்டால், அன்றைக்கு உங்களுக்கு நாற்பது வயது ஆகியிருக்காது. என் தலைமுறைக்கு வாய்க்காத யோகம் அது. எரியும் பிளாஸ்மாவை நாங்கள் காகிதத்தில் மட்டுமே பார்த்தோம்.

இனி, கோட்பாட்டாளர் அன்றாடம் என்னதான் செய்கிறார்? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதுதான் புரிவதில்லை. கொஞ்சம் பக்கத்தில் போய்க் காட்டுகிறேன். டோகமாக் வளைய வடிவக் கலம். உள்பக்கம் காந்தப்புலம் வலுவாகவும் வெளிப்பக்கம் தளர்வாகவும் இருக்கும். வடிவியல் அப்படி, தவிர்க்க முடியாது. புலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து உள்பக்கம் போகும் அயனிகளில் ஒரு பங்கு, வலுத்த புலத்தை மீற முடியாமல் பாதி வழியில் திரும்பிவிடும். திரும்பும்போது வந்த தடத்திலேயே போகாது. புலம் வளைந்திருப்பதால் மெல்ல மேலாகவோ கீழாகவோ நகர்ந்துகொண்டே வரும். அதன் பாதையைக் கலத்தின் குறுக்குவெட்டில் வரைந்தால் ஒரு வாழைப்பழம் தெரியும். துறையில் அதற்குப் பெயரே வாழைப்பழப் பாதைதான். நூறு எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் 1 டெஸ்லா புலத்தில் சுழலும் ஆரம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதே புரோட்டான், குஜராத்தில் உள்ள ஆதித்யா என்ற சிறிய டோகமாக்கின் அளவிலான கலத்தில் சிக்கிக்கொண்டால் அதன் வாழைப்பழத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மோதும்போது துகள் எடுத்துவைக்கும் அடி இவ்வளவு பெரிதானால், வெப்பம் சுவரை நோக்கிக் கசியும் வேகமும் கூடும். எவ்வளவு கூடும்? இதைச் சரியாகக் கணக்கிட்டதுதான் 1960களின் கடைசியில் சோவியத் நாட்டின் கலீவும் சக்தீவும் செய்த வேலை.

அந்தக் கணக்கிலிருந்து யாரும் கேட்காத ஒன்று வெளியே வந்தது. அடர்த்தி உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்துகொண்டே போவதால், இந்தச் சிக்கிய துகள்களும் அவற்றோடு மோதும் சிக்காத துகள்களும் சேர்ந்து, வளையத்தின் வழியே ஒரு மின்னோட்டத்தைத் தாமாகவே உண்டாக்க வேண்டும். வெளியிலிருந்து மின்னழுத்தம் தேவையில்லை. 1971இல் கல்ஹாமின் பிக்கர்டன், கானர், டெய்லர் மூவரும் இதை வைத்துத் தொடர்ந்து இயங்கும் டோகமாக்கையே அமைக்கலாம் என்று எழுதினார்கள். சோதனையில் அது தெரிந்தது 1980களில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அதை நம்பாதவர்கள் ஏராளம். இன்று நிறுத்தாமல் இயங்க வேண்டிய எந்த டோகமாக் வடிவமைப்பை எடுத்தாலும் அந்த மின்னோட்டத்தைக் கணக்கில் வைக்காமல் ஒரு கோடு போட முடியாது. உலை இன்னும் எரியவில்லை. அந்த விடை நின்றுவிட்டது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் விண்மீன் இயற்பியலாளர் சந்திரசேகர், 1950களில் சிகாகோவில் பிளாஸ்மா இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தார். விண்மீன்களின் காந்தப்புலத்தை மனத்தில் வைத்து 1957இல் கெண்டாலோடு சேர்ந்து ஒரு வகைக் கணிதச் சார்புகளைக் கண்டார். 1974இல் பிரையன் டெய்லர், ஆய்வகப் பிளாஸ்மா கொந்தளித்து அடங்கும்போது எந்த நிலையில் போய் அமரும் என்று காட்டினார். அந்த நிலையை எழுதுவதற்கு வாகாக அமைந்தவை சந்திரசேகர்–கெண்டால் சார்புகள். விண்மீனுக்கு என்று செய்தது உலோகக் கலத்துக்குள் பயன்பட்டது. நல்ல கணிதம் எங்கே போய்ப் பயன்படும் என்பதைச் செய்தவரே தீர்மானிக்க முடியாது.

கோட்பாடு தோற்ற இடங்களையும் சொல்லாவிட்டால் நான் விளம்பரம் எழுதியவனாகிவிடுவேன். அந்த வாழைப்பழக் கணக்கு சொல்வதைவிடப் பல மடங்கு வேகமாகவே வெப்பம் கசிகிறது. சிறு அளவிலான கொந்தளிப்புதான் காரணம் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. 1982இல் ஜெர்மனியின் கார்சிங்கில் ஃபிரிட்ஸ் வாக்னர், சூடாக்கும் திறனை ஓர் அளவுக்கு மேல் கூட்டியபோது விளிம்பில் கொந்தளிப்பு அடங்கி, ஆற்றல் தங்கும் நேரம் சட்டென்று ஏறக்குறைய இரட்டிப்பானதைக் கண்டார். எந்தக் கோட்பாட்டாளரும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஈட்டரின் வடிவமைப்பே அந்தத் தற்செயலான கண்டுபிடிப்பை நம்பி நிற்கிறது. விளிம்பில் பிளாஸ்மா அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் ஓடி, சுழிகளைக் கிழித்துவிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம், நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த மாற்றத்துக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்பதை அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்து வருவித்துத் தர இன்றுவரை நம்மால் முடியவில்லை. பல இயந்திரங்களின் அளவீடுகளைத் தொகுத்து எடுத்த சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அதேபோல, ஈட்டரில் ஓடும் 15 மெகா ஆம்பியர் மின்னோட்டம் திடீரென முறிந்தால் சுவரைக் காப்பாற்ற உறைந்த வாயு உருண்டைகளை நொறுக்கிச் செலுத்தும் திட்டம் இருக்கிறது. சிறிய இயந்திரங்களில் அது வேலை செய்கிறது. அந்த அளவுக்குப் பெரியதில் செய்யுமா என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். வேலை தேடும் இளைஞருக்கு இவை நல்ல செய்திகள். தீர்ந்துவிட்ட துறையில் யாருக்கும் இடம் இல்லை.

என் எல்லைக்கு வெளியே இருப்பவை மூன்று: டிரிட்டியம், உலோகம், விலை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, தோண்டி எடுக்க முடியாது. ஆயிரம் மெகாவாட் இணைவு வெப்பத்தை ஓராண்டு விடாமல் எடுத்தால் சுமார் 55 கிலோ எரிந்துபோகும். ஆகவே உலையைச் சுற்றி லித்தியப் போர்வை போட்டு, எரிந்ததைவிடச் சற்று அதிகமாக விளைவித்தே ஆக வேண்டும். முழு அளவில் யாரும் இதைச் செய்து காட்டியதில்லை. வேகமான நியூட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் தாக்கினால் எஃகு என்ன ஆகும் என்பதை உலோகவியலாரிடம்தான் கேட்க வேண்டும். விலையைப் பொறுத்தவரை, நம் பக்கத்து மாவட்டத்தில் கமுதிக்குப் போய்ப் பாருங்கள்; 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலிருந்து நிற்கிறது. நான் படித்த காலத்தில் இணைவுக்குப் போட்டி நிலக்கரி. இன்றைய போட்டியாளர் சூரியத் தகடு. அதன் விலை இறங்கிய வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. இணைவு உலை இயங்கினாலும் இந்தப் போட்டியில் நிற்குமா என்பதில் எனக்கு உண்மையாகவே ஐயம் உண்டு. அதனால்தான் மின்சாரத்தை நம்பி வராதீர்கள் என்றேன்.

இந்தியாவில் எங்கே போவது? முதல் பெயர் காந்திநகருக்கு அருகே உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். 1982இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1986இல் தனி நிறுவனமானது. நிறுவியவர் பிரதிமன் கிருஷன் காவ், பதினெட்டு வயதில் முனைவர் பட்டம் பெற்று, பிரின்ஸ்டனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், 2017இல் மறைந்தார். 1989இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா, அங்கே வடிவமைத்துக் கட்டியது, 2016இல் மேம்படுத்தப்பட்டது. மீகடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்.எஸ்.டி.-1 டோகமாக்கும் அங்கே இருக்கிறது. கொல்கத்தா சாஹா நிறுவனத்திலும் 1987இல் ஒரு சிறிய டோகமாக் இயங்கத் தொடங்கியது. கோட்பாட்டாளர் என்றாலும் கட்டுப்பாட்டு அறையில் போய் உட்காருங்கள் என்பது என் பிடிவாதம். ஆதித்யா போன்ற இயந்திரத்தில் ஒரு பிளாஸ்மா நிற்பது கண்ணிமைக்கும் நேரம்தான். திரையில் சுற்று மின்னழுத்தம் செங்குத்தாக எழும்பிச் சில வோல்ட்டுக்கு இறங்கும். மின்னோட்டக் கோடு ஏறி, சமதளமாக ஓடி, சில முறை அழகாக இறங்கும், சில முறை அறுந்து விழும். அறுந்து விழுவதற்குச் சில மில்லிநொடி முன்பு காந்தச் சுருள்களின் சமிக்ஞையில் ஓர் அலைவு பெருத்துக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்த்தவருக்கும், அதைச் சமன்பாட்டில் மட்டும் படித்தவருக்கும் வித்தியாசம் உண்டு.

நடைமுறை. நுழைவுக்கு ஜெஸ்ட் தேர்வு முக்கியம். கேட், நெட் தேர்வுகளையும் பார்த்துவையுங்கள். விதிகள் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள், என்னைப் போன்ற பழையவர்களை நம்பாதீர்கள். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. அப்பச்சியிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். ஐந்தாறு ஆண்டு சம்பளமே இல்லாமல் படிப்பது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இடுக்கு. நிரந்தரக் கோட்பாட்டு வேலைகள் இந்தியாவில் மிகக் குறைவு. வெளிநாட்டில் இரண்டு மூன்று தற்காலிகப் பணிகளைக் கடந்து வர வேண்டியிருக்கலாம். மூன்று வருடக் கணக்குக்கு பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த ஊர்களில் இது புதிதன்று என்றாலும், திருமணம், பெற்றோர் உடல்நலம் என்று வரும்போது அது சுமைதான். நான் இனிப்புப் பூசிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிளாஸ்மா கற்றவர் இணைவோடு மட்டும் கட்டுண்டவர் இல்லை. சிப் தயாரிப்பில் சிலிக்கானை அரிப்பது பிளாஸ்மா. மருத்துவமனைக் கழிவை எரிப்பதற்கும் பல்சக்கரங்களைக் கடினமாக்குவதற்கும் பிளாஸ்மா கருவிகள் குஜராத்திலேயே உருவாக்கப்பட்டிருக்கின்றன. சூரியக் காற்றை ஆராய 2023இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 தரும் தரவுகளைப் பிரிப்பவர்களுக்கும் இதே இயற்பியல்தான் வேண்டும். 2022இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள டோகமாக்கில் பிளாஸ்மாவின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவு கட்டுப்படுத்திக் காட்டியது. நிரல் எழுதத் தெரிந்த கோட்பாட்டாளர் பட்டினி கிடக்க மாட்டார். எச்சரிக்கை ஒன்று: யாரோ எழுதிய பெரிய நிரலை ஓட்டிப் படம் வரைவதையே ஆய்வு என்று தரும் வழிகாட்டியிடம் சேராதீர்கள். சேர்வதற்கு முன் அவரிடம் ஏற்கெனவே பட்டம் பெற்ற இரண்டு பேரிடமாவது பேசுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட இது முக்கியம்.

காரைக்குடியில் இருந்துகொண்டே இணைவுக்கு உதவ வழியில்லையா என்றால், உண்டு என்பேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் நிறுவனம் உங்கள் கல்லூரிப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2022இல் ஈட்டரின் வெள்ளி பூசிய வெப்பத் தடுப்புத் தகடுகளில், குளிரூட்டும் குழாய்களில் விரிசல் கண்டது. பற்றவைப்பை ஒட்டிச் சில இடங்களில் தங்கிவிட்ட குளோரின் எச்சமும் குழாயை வளைத்தபோது ஏற்பட்ட தகைவும் சேர்ந்து உலோகத்தை அரித்திருந்தன. உலகின் பெரிய இணைவுத் திட்டத்தின் கால அட்டவணையைக் கலைத்த காரணங்களில் அதுவும் ஒன்று. பிளாஸ்மா கோட்பாட்டுக்கு அதில் வேலையே இல்லை, அரிமானம் படித்தவருக்குத்தான் இருந்தது. உங்களுக்குக் கையால் செய்யும் வேலையில் ருசி அதிகம் என்றால் இந்தப் பக்கத்தையும் யோசியுங்கள்.

எது உங்கள் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்குத் தருகிறேன். பெரிய ஆரம் 0.75 மீட்டர், சிறிய ஆரம் 0.25 மீட்டர் உள்ள வளையம். நடுவில் 1 டெஸ்லா, ஆரத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் புலம். அதோடு ஒரு சிறிய முறுக்குப் புலம். நூறு எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் ஒன்றை நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் வெளியே வைத்து, லோரன்ஸ் விசையை மட்டும் கொண்டு அதன் பாதையைப் பைத்தானில் கணக்கிடுங்கள். தொடக்கத் திசையை மாற்றி மாற்றி ஓட்டினால் ஒரு கட்டத்தில் வாழைப்பழம் வரும். அகலத்தைக் காகிதத்தில் தனியாகக் கணித்து ஒப்பிடுங்கள். முதலில் ஒத்துப்போகாது, பெரும்பாலும் நேரப் படி பெரிதாக இருக்கும், ஆற்றல் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் பிழையைத் தேடும்போது சாப்பாட்டு நேரம் போவது தெரியவில்லை என்றால் ஜெஸ்டுக்கு விண்ணப்பியுங்கள். எரிச்சல் மட்டும் வந்தால் வங்கித் தேர்வும் மோசமில்லை. கணக்கு எங்காவது சிக்கினால் நிரலோடு இங்கேயே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.